ஒன்பதாம் மாடிப் பேயும் இருபத்து மூன்று மாற்றங்களும்

வாருங்கள் கண்ணுகளா, உள்ளே வாருங்கள். வாசலில் நின்றால் கதை பாதிதான் காதில் விழும். அந்த நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் முன்னால் உட்காரட்டும். இருமல் உள்ளவர்கள் வெந்நீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். இன்றைக்கு ஒரு பேய்க்கதை. முகத்தை அப்படி வைக்காதீர்கள், ராத்திரி தூக்கம் கெடும்படி எதையும் சொல்லி அனுப்புகிறவள் இல்லை நான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் முதுகு கொஞ்சம் சில்லிடும். அப்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நடந்தது எழுபத்தொன்பதில். சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்றில் நிற்கும், ஐந்தில் நிற்கும், ஒன்பதில் நிற்கும். மற்றவர்கள் ஏறியோ இறங்கியோ போய்க்கொள்ள வேண்டும். எங்கள் வீடு ஒன்பதாம் மாடி. அடுத்த வீடு பிலோமினம்மாள். வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஐம்பத்திரண்டு வயது, நல்ல உடம்பு, நல்ல மனசு, நல்ல குரல். அவர் குழம்பில் உப்பு போதுமா என்று தன் வீட்டில் கேட்டால் என் வீட்டில் பதில் சொல்லலாம்.

அவருடைய அக்காள் மகன் ஆம்ப்ரோஸ். சிராங்கூன் ரோட்டில் ஒரு போட்டோக் கடையில் வேலை. அந்தப் பிள்ளையிடம் ஒரு குணம் உண்டு. யார் என்ன கேட்டாலும் "சரி" என்பான். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேருக்குச் சரி சொல்லிவிட்டு, காலையில் ஒரு வீட்டில் கட்டில் தூக்கி, மத்தியானம் ஒரு வீட்டில் ஞானஸ்நானப் படம் எடுத்து, சாயங்காலம் மூன்றாவது வீட்டில் போய் "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்று நிற்பான். திட்டினால் அதற்கும் "சரி" என்பான்.

அவனுக்குப் பெட்டி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். பெட்டி ஒரு வக்கீல் ஆபீசில் தமிழ் டைப்பிஸ்ட். பத்திரம் டைப் அடித்து அடித்து அவளுக்கு ஒரு கண்டிப்பு வந்திருந்தது. எழுதினது எழுதினதுதான். ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் தாளை உருவி எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பாள். அப்பா சூசைநாதன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தாயில்லாத பிள்ளை. அவளுக்கு யாருக்கும் தெரியாத ஓர் ஆசை, கதை எழுதுவது. அதிலும் பேய்க்கதை. ஆபீஸ் முடிந்து தனியாக உட்கார்ந்து ஒரு குறும்படத்துக்குத் திரைக்கதை எழுதி, பன்னிரண்டு பக்கம் சுத்தமாக டைப் அடித்து, முதல் முதலாக ஆம்ப்ரோஸ் கையில்தான் கொடுத்தாள்.

"இதுல ஒரு எழுத்தும் மாறக்கூடாது" என்றாள்.

ஆம்ப்ரோஸ் என்ன சொல்லியிருப்பான்? "சரி" என்றான்.

அந்த வருஷம் எங்கள் வட்டாரத்துக் கலைக்குழு ஒன்று குறும்படப் போட்டி வைத்தது. படத்தோடு திரைக்கதையையும் கொடுக்க வேண்டும். நடுவர்கள் கையில் தாளை வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பார்கள். எழுதினதும் எடுத்ததும் ஒத்துப்போக வேண்டும், அதுதான் நாலாவது விதி. ஆம்ப்ரோஸின் முதலாளி தன்னுடைய சின்ன மூவி கேமராவைக் கொடுத்தார், கூடவே இரண்டு பிலிம் சுருளும் கொடுத்தார். ஒரு சுருள் மூன்று நிமிஷம் இருபது விநாடி ஓடும். அவ்வளவுதான். தப்பு செய்தால் மறுபடி எடுக்கப் பிலிம் கிடையாது. சத்தமும் கிடையாது, ஊமைப்படம். எடுத்த பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பிக் கழுவி வரவழைக்க மூன்று வாரம் ஆகும். படம் எடுத்த நாளில் பெட்டிக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. அவள் இல்லாமல்தான் எடுத்தார்கள்.

அந்த மூன்று வாரத்துக்குள் கல்யாண வேலை தொடங்கிவிட்டது. மாதா கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் சாமியார் எல்லோர் முன்னாலும் வாசித்து, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். ஓலை வாசிப்பது என்பார்கள். முதல் ஓலை ஆயிற்று. இரண்டாவது ஓலையும் ஆயிற்று. அடுத்த புதன்கிழமை படம் கழுவி வந்தது.

பெட்டி கடைக்குப் போய்ப் பார்த்தாள். ஆறு நிமிஷத்துச் சொச்சம். பார்த்து முடித்ததும் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள்: "மூணாவது ஓலை வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லப் போறேன்."

சூசைநாதன் அலறி அடித்துக்கொண்டு பிலோமினம்மாளிடம் ஓடி வந்தார். ஒன்பதாம் மாடி லிஃப்டை விட்டு இறங்கும்போதே அழுகிற குரல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிலோமினம்மாள் வீட்டில் உட்கார்ந்து பேசித் தீர்ப்பது என்று முடிவாயிற்று. புரொஜெக்டர் என் வீட்டு ஸ்டூலில் வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது, அதனால் ஸ்டூலோடு நானும் போனேன்.

ஜன்னலுக்கெல்லாம் சேலையைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். படத்தில் கதாநாயகனாக நடித்த அண்ணாதுரை வந்திருந்தான். ஆம்ப்ரோஸின் சிநேகிதன், பஸ் கண்டக்டர், எங்கள் ஊர் வழக்கப்படி பேச்சுக்கு நடுவே ஒரு 'லா' போடுகிறவன். போட்டிச் செயலாளர் பரமசிவமும் வந்திருந்தார். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போயிற்றாம், வாங்க வந்தவர் சூடான கோப்பியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டி திரைக்கதையை மடியில் வைத்து, சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தாள்.

"படம் நல்லா இல்லங்கிறதுக்காக நான் கோவிச்சுக்கலப்பா" என்றாள். "இவரு யாருக்கும் முடியாதுன்னு சொல்ல மாட்டாரு. எனக்குச் சரின்னு சொன்னாரு. அப்புறம் ஊர்ல எல்லாருக்கும் சரின்னு சொல்லி, எனக்குச் சொன்னதைக் குப்பையில போட்டுட்டாரு. நாளைக்குக் கல்யாணம் ஆகி வீட்டுக்குள்ள நான் ஒண்ணு சொல்வேன், வெளியில நாலு பேரு நாலு சொல்வாங்க. இவரு நாலு பேருக்கும் தலையாட்டுவாரு. அந்த வீட்டுல என் பேச்சுக்கு என்ன இடம்? அதைத்தான் கேக்குறேன். ஒவ்வொண்ணா பார்ப்போம். ஏன் மாத்தினாருன்னு அவரே சொல்லட்டும்."

ஆம்ப்ரோஸ் புரொஜெக்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சரி" என்றான். பெட்டி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

பெட்டி வாசித்தாள்: "காட்சி ஒன்று. அமாவாசை நள்ளிரவு. புக்கிட் பாஞ்சாங் ரப்பர் தோட்டத்தின் நடுவே பாழடைந்த பங்களா. தொலைவில் ஓநாய் ஊளையிடுகிறது."

"சிங்கப்பூர்ல ஏதும்மா ஓநாய்?" என்றார் சூசைநாதன்.

"நாய்னு வச்சுக்குங்கப்பா. படத்தைப் பாருங்க."

படம் ஓடியது. முதலில் பெயர். பெட்டி வைத்த பெயர் "பாழ் பங்களாவின் மணமகள்". திரையில் வந்த பெயர் "நல்ல மனது". பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த அதே கூடம். அமாவாசை நள்ளிரவு என்றால் ஜன்னல் வழியாக வெயில் கண்ணைக் கூசுகிறது. மூங்கில் கழிகளில் வரிசையாகத் துணி காய்கிறது. சுவர்க் கடிகாரம் மட்டும் சரியாகப் பன்னிரண்டு காட்டுகிறது. அதைப் பன்னிரண்டில் நிறுத்திப் பிடித்திருந்த விரல் ஒன்றும் ஓரத்தில் தெரிகிறது.

"ஏன் புக்கிட் பாஞ்சாங் போகலை?"

"சித்திதான், அவ்வளவு தூரம் எதுக்குடா அலையிற, நம்ம வீட்டுலயே எடுன்னாங்க."

"ஏன் ராத்திரி எடுக்கலை?"

"பிலிமுக்கு வெளிச்சம் வேணும். அதோட ஏழு மணிக்குச் சித்தி செபமாலை சொல்லணும்."

"அந்த விரல் யாருது?"

"என்னோடதுதான் தங்கச்சி" என்றான் அண்ணாதுரை. "கடிகாரம் ஓடிக்கிட்டே இருந்துச்சு லா. பேட்டரியைக் கழட்டலாம்னு யாருக்கும் தோணல."

பெட்டி மூன்று கோடு போட்டாள். பெயருக்கு நாலாவது கோடு. "பெயரை யாரு மாத்தச் சொன்னா? சித்திதானே?"

ஆம்ப்ரோஸ் பிலிமை இழுத்து இழுத்துச் சரி செய்தான். சூசைநாதன் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தாம்மா. கடைக்குப் போய்ச் சொன்னேன். கோயில்ல ஓலை வாசிக்கிற நேரத்துல, பாழ் பங்களா மணமகள்னு என் பொண்ணு எழுதினான்னா சனங்க என்ன நினைக்கும்? அதான், கொஞ்சம் நல்ல பேரா…"

"அப்பா!"

"மாப்பிள்ளை உடனே சரின்னுட்டாரு. தங்கமான பிள்ளை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். பெட்டி தாளே கிழியும்படி அந்த நாலாவது கோட்டின் மேலேயே பென்சிலை இழுத்தாள்.

அடுத்தது பேய் வரும் காட்சி. பெட்டி வாசித்தாள்: "இருபது வயது மணமகளின் ஆவி. காற்றில் அசையும் மெலிந்த உருவம். விரிந்த கூந்தல், வெண்ணிற ஆடை. கால்கள் தரையில் படவில்லை. மூடிய கதவை ஊடுருவி உள்ளே வருகிறது."

திரையில் கதவு திறந்தது. திறந்துகொண்டு வந்தது பிலோமினம்மாள். அரக்கு நிறக் காஞ்சிபுரப் பட்டு, தலை நிறையக் கனகாம்பரம், கழுத்தில் தங்கச் சிலுவை. வாசலில் நின்று காலில் இருந்த நீல வார் ரப்பர் சிலிப்பரை ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்றி, ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தார். கால்மிதியில் இரண்டு காலையும் நன்றாகத் துடைத்தார். பிறகு உள்ளே வந்தார்.

"என் வீட்டுல நடிக்கணும்னா நான்தான் நடிப்பேன்னு சொன்னேன்" என்றார் பிலோமினம்மாள், எந்தக் கூச்சமும் இல்லாமல். "நாலு பேரு பார்க்கிற படம். வெள்ளைச் சேலையோட, முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்க முடியுமா? என் புருஷன் கல்லு மாதிரி இருக்காரு."

"சிலிப்பரை ஏன் ஆன்ட்டி கழட்டினீங்க?"

"சிலிப்பரோட எப்படிம்மா வீட்டுக்குள்ள வர்றது?"

பெட்டி அதற்கும் ஒரு கோடு போட்டாள். எவ்வளவு பெரிய பேயாக இருந்தாலும் சிலிப்பரோடு கூடத்துக்குள் வந்தால் நானே விரட்டியிருப்பேன்.

பேய் நடந்து வந்தது. சுவரில் யேசுவின் திருஇருதயப் படம் மாட்டி அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பு எரியும். திரைக்கதையில் ஆலயமணி கேட்டு ஆவி அலறித் துடிக்க வேண்டும். திரையில் அந்தப் படத்தைக் கடக்கும்போது பேய் நின்று, பக்தியாக நெற்றியிலும் மார்பிலும் தோளிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மேலே நடந்தது.

பரமசிவம் கோப்பியைத் துப்பிவிட்டார்.

"பழக்கம்" என்றார் பிலோமினம்மாள். "முப்பது வருஷப் பழக்கம். கேமரா ஓடுதுன்னு கையி கேக்குமா?"

அதற்கப்புறம் கொலை. பெட்டி எழுதியது இப்படி: "ஆவி அவன் கழுத்தை நெரிக்கிறது. அவன் கண்கள் பிதுங்கி உயிர் பிரிகிறது." திரையில் அண்ணாதுரை வெறும் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்திருந்தான். பேய் அவன் அருகில் போய்க் குனிந்து பார்த்தது. பிறகு சோபாவில் இருந்த தலையணையை எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, அவன் தலையை மெதுவாகத் தூக்கி அடியில் வைத்தது. அண்ணாதுரை வசதியாகப் புரண்டு படுத்தான்.

"இது என்ன?" என்றாள் பெட்டி.

"எங்கம்மா சாகுற மாதிரி நடிக்கக்கூடாதுன்னுட்டாங்க" என்றான் அண்ணாதுரை. "பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்காங்க. மச்சான்கிட்ட சொன்னேன். சரி, மயக்கம்னு வச்சுக்கலாம்னான்."

"தலையணை?"

"வெறும் தரையில கிடந்தான்மா. பிள்ளைக்கு இடுப்பு பிடிச்சுக்காதா?" என்றார் பேய்.

பெட்டி கோடுகளை எண்ணினாள். இருபத்திரண்டு. அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம், அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பன்னிரண்டு பக்கம். எத்தனை சாயங்காலம் உட்கார்ந்து எழுதியிருப்பாள். முதல் முதலாக ஒருவன் கையில் நம்பிக் கொடுத்தது. அவன் அதை ஊருக்கெல்லாம் பந்தி வைத்துவிட்டான்.

"கடைசிக் காட்சி" என்றாள் சின்னக் குரலில். "சேவல் கூவுகிறது. ஆவி மறைகிறது. கதவு சாத்தப்படுகிறது. வெறுமையான வராந்தா. முற்றும்."

மறைகிற வித்தை எல்லாம் ஆம்ப்ரோஸ் நன்றாகச் செய்திருந்தான். கேமராவை நிறுத்துவது, ஆளை நகரச் சொல்வது, மறுபடி ஓட்டுவது. அந்த நேரத்தில் பிலோமினம்மாள் அடுப்பில் மீன்குழம்பைப் பார்க்கச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். திரையில் ஒரு கணம் பேய் நின்றது, மறுகணம் இல்லை. அண்ணாதுரை எழுந்தான். கூடம் முழுக்கப் பார்த்தான். பேய் போய்விட்டது என்று நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டான். ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டான். கதவில் சாய்ந்து சிரித்தான்.

அடுத்து வெளியிலிருந்து எடுத்த படம். நீளமான காரிடார். வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. சாத்திய கதவு.

கதவுக்கு வெளியே, ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்த நீல வார் சிலிப்பர்.

முற்றும்.

பிலிம் வால் சடசடவென்று சுற்றியது. யாரும் விளக்கைப் போடவில்லை. எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு வெளியே சிலிப்பர் கிடந்தால் என்ன என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

"உள்ளதான் இருக்கு" என்றார் பரமசிவம், மூச்சுக்குள்.

சூசைநாதன் காலை மெதுவாகத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். அண்ணாதுரை சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நடித்தவனே அவன்தான். பிலோமினம்மாள், அந்தப் பேயே, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யேசுவே, மாதாவே" என்றார். நான் சொன்னேனே கண்ணுகளா, ஒரே ஓர் இடம் என்று, அது இதுதான். ஆயிற்று, கையை விட்டுவிடுங்கள்.

பெட்டிதான் முதலில் சுதாரித்தாள். "இதை யாரு சொல்லி வச்சீங்க?"

ஆம்ப்ரோஸ் நினைத்திருந்தால், நானே யோசித்து வைத்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எல்லோரும் நம்பியிருப்போம்.

"யாரும் சொல்லல. சித்தி கழட்டிப் போட்டாங்க, எடுத்து வைக்க மறந்துட்டாங்க. எடுக்கும்போது வெயில் கண்ணுல அடிச்சுது, நான் பார்க்கவே இல்ல. இப்பதான் கவனிக்கிறேன்."

பெட்டி கையில் இருந்த தாளைப் பார்த்தாள். சுவரில் வெறுமையாக இருந்த விரிப்பைப் பார்த்தாள். "நான் எழுதின முடிவைவிட இது நல்லாயிருக்கு" என்றாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. சிவப்புப் பென்சிலால் இருபத்து மூன்றாவது கோட்டையும் போட்டாள்.

இங்கேதான் பரமசிவம் துள்ளி எழுந்தார். "அம்மாடி! கப்பு உனக்குத்தான். நடுவர்கள் நாளைக்குப் பயந்து செத்துடுவாங்க. ஒண்ணே ஒண்ணுதான், நாலாவது விதி. தாளும் படமும் ஒத்துப்போகணும். ரொம்பச் சுலபம். படத்துல என்ன இருக்கோ அதை அப்படியே எழுதி, ராத்திரிக்குள்ள புதுசா டைப் அடிச்சுடு. யாரு கண்டா?"

"நான் எழுதாததை எழுதினேன்னா?"

"என்னம்மா, நம்ம வீட்டுக்குள்ளதானே" என்றார் பிலோமினம்மாள்.

"அஞ்சு பக்கம்கூட வராது" என்றார் சூசைநாதன்.

"டைப் அடிக்கிறதுதானே லா உங்க வேலையே" என்றான் அண்ணாதுரை.

"எனக்கு வேணாம்" என்றாள் பெட்டி. "நான் எழுதினது இந்தப் பன்னிரண்டு பக்கம். நல்லாயிருக்கோ இல்லையோ, இதுதான் என்னோடது."

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கல்யாண நேரத்தில் பெயர் கிடைத்தால் கசக்கிறதா என்றார் ஒருவர். பிடிவாதம் பெண்ணுக்கு ஆகாது என்றார் இன்னொருவர். கடைசியில் எல்லோரும் ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பினார்கள்.

"டேய், நீ சொல்லுடா" என்றார் பிலோமினம்மாள். "நீ சொன்னா கேப்பா. சரின்னு சொல்லு."

பெட்டி அவனைப் பார்க்கவில்லை. தாளின் மூலையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் "சரி" கிளம்பி வருவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. நெஞ்சில் ஏறி, தொண்டைக்கு வந்து, உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தான்.

"மாட்டேன்."

"என்னது?" பிலோமினம்மாளுக்கு அது எந்தப் பாஷை என்றே விளங்கவில்லை.

"மாட்டேன் சித்தி. அவ எழுதினது அவ எழுதினபடியே போகட்டும். கெடுத்தது நான். நான் கெடுத்ததுக்கு அவ எதுக்குக் கையெழுத்துப் போடணும்? யாரு சொன்னாலும் முடியாது. அண்ணே, நீங்க சொன்னாலும் முடியாது. மாமா, நீங்க சொன்னாலும்தான்."

சொல்லிவிட்டு மேலே பார்த்தான், கூரை இடிந்து விழுகிறதா என்று. விழவில்லை. பத்தாம் மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், அவ்வளவுதான். என்னிடம் வந்து, "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்றான். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தான்.

பெட்டி எழுந்து போய் விளக்கைப் போட்டாள். "படம் தப்பு தப்பாதான் இருக்கு" என்றாள் அவனிடம். "அது மாறாது."

"ஆமா" என்றான்.

"அப்பா, கிளம்புங்க. காலையில எனக்குக் கொஞ்சம் டைப் அடிக்கிற வேலை இருக்கு."

எல்லோர் முகமும் மலர்ந்தது, மனம் மாறிவிட்டாள் என்று. அவள் என்ன அடித்தாள் என்பது மறுநாள் மத்தியானம் போட்டி நடந்த மன்றத்தில்தான் தெரிந்தது. பழைய திரைக்கதை அப்படியே இருந்தது. அதோடு ஒரு புதுத் தாளைச் சேர்த்து ஊசி குத்தியிருந்தாள். மேலே தலைப்பு: "திரைக்கதைக்கும் திரைப்படத்துக்கும் உள்ள வேறுபாடுகள்." கீழே பத்திரம் எழுதுகிற தமிழில் வரிசையாக: "ஏழு. ஆவியின் பாதங்கள் தரையில் படலாகாது என்பது எழுத்து. ஆவி கால்மிதியில் பாதங்களைத் துடைத்தது என்பது படம். காரணம்: வீட்டு உரிமையாளரின் சுத்தம்." "இருபத்திரண்டு. ஆவி உயிரை எடுக்க வேண்டும் என்பது எழுத்து. ஆவி தலையணை கொடுத்தது என்பது படம். காரணம்: இரக்கம்." இருபத்து மூன்றும் இருந்தன. கடைசியில் எழுதியவர் பெட்டி, எடுத்தவர் ஆம்ப்ரோஸ் என்று இரண்டு கையெழுத்து.

நடுவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், விளக்கை அணைக்கும் முன்னால் அந்தத் தாளை மேடையில் நின்று உரக்க வாசித்தார். மன்றம் குலுங்கியது. படம் ஓடும்போது சனங்கள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே பார்த்தார்கள். பேய் சிலுவை போட்டதும் "பன்னிரண்டு!" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. கடைசியில் அந்தக் காரிடார் வந்தது. மூன்று வரிசைப் பெண்கள் ஒன்றாகக் கத்தினார்கள்.

பரிசா? கிடைக்கவில்லை. நாலாவது விதி நாலாவது விதிதான். பெரியவர் சொன்னார்: "ஒழுங்கான திரைக்கதை, ஆனால் நாம் முன்பே அறிந்த பேய். ஒழுங்கில்லாத படம், ஆனால் இப்படி ஒரு பேயை நான் கண்டதில்லை. இரண்டையும் இணைத்த அந்த ஒற்றைத் தாளுக்குப் பரிசு கொடுக்க எங்களிடம் பிரிவு இல்லை." பெட்டி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். புதன்கிழமைக்கு அப்புறம் அவள் முதல் முதலாகச் சிரித்தது அப்போதுதான். பிலோமினம்மாள் மாத்திரம், "இப்படி ஒரு பேயை அவரு கண்டதே இல்லையாம், என்னைத்தான் சொன்னாரு" என்று ஒன்பதாம் மாடி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார். லிஃப்டில் இருந்த சீன மனிதரிடமும் மலாயில் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நானும் மாதா கோயிலுக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், மனசு கேட்கவில்லை. சாமியார் மூன்றாவது ஓலையை வாசித்தார். இன்னார் மகன் ஆம்ப்ரோசும், சூசைநாதன் மகள் பெட்டியும். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். பாதிக் கோயிலுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தலைகள் எல்லாம் பெட்டி பக்கம் திரும்பின. சூசைநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

பெட்டி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி, அடுத்த பாட்டு எந்தப் பக்கம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். அவ்வளவுதான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பிலோமினம்மாள் ஆம்ப்ரோஸைப் பிடித்துக்கொண்டார். "டேய், கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசம் நம்ம வீட்டுலயே இருங்கடா. எதுக்குத் தனியா வாடகைக்கு எடுத்துக்கிட்டு? சரியா?"

ஆம்ப்ரோஸ் பெட்டியைப் பார்த்தான். பெட்டி வேடிக்கை பார்ப்பதுபோல் மணிக்கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல சித்தி, முடியாது. நாங்க பேசிட்டோம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட மட்டும் வர்றோம்."

பிலோமினம்மாள் இடுப்பில் கைவைத்து அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா, கெட்டுப் போயிட்டான்!" என்றார். குரலில் அப்படி ஒரு பெருமை.

சரி, கண்ணுகளா, எழுந்து கைகால் நீட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் உலை காலத்தில் கொதிக்கட்டும், பிள்ளைகளுக்கு நோய் நொடி அண்டாமல் இருக்கட்டும். கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்க உங்கள் கையில் எப்போதும் ஏதாவது இருக்கட்டும். கொடுக்கக் கூடாததைக் கேட்டால் மறுக்க வாயில் ஒரு சொல்லும் இருக்கட்டும். அந்தச் சொல்லைச் சொன்ன பிறகும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற சனம் உங்கள் கூடத்தை நிறைத்திருக்கட்டும். நன்றாக இருங்கள், எல்லோரும் நன்றாக இருங்கள்.